உன் அம்மா மீது நான் கொடுத்த மனு

எங்கும் நிறைந்த இறைவனின் திருவருளால் தொலைதூரத்தில் வாழும் என் அன்பு மகளும், மருமகனும், உன் வயிற்றில் வளரும் சிறு உயிரும் எல்லா நலமும் பெற்றிருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். உன் அம்மாவும் நலம் என்றே நம்புகிறேன். கேட்டு எழுதலாம் என்றால் அவள் வீட்டில் இல்லை, குடிமை உரிமைச் சங்கத்துக்குப் போயிருக்கிறாள். இந்த வரியை உனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறேன் என்று நீ சிரிப்பாய். சிரி மகளே. ஆனால் இம்முறை சொல்வதற்குச் சற்று அதிகமாகவே செய்தி இருக்கிறது, மூச்சு வாங்காமல் உட்கார்ந்து நிதானமாகப் படி. கால்களைத் தொங்கவிட்டு உட்காராதே, வீக்கம் வரும் என்று பக்கத்து வீட்டுச் செவிலி சொல்லச் சொன்னாள்.

நான் பொறாமைக்காரன் அல்லன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். பிறர் பொருளைக் கண்டு மனம் புழுங்குவது பாவம் என்று வாசக மன்றத்தில் எத்தனையோ மாலைகள் விரித்துரைத்தவன் நான். ஆனால் பிறர் என் பொருளை அனுபவித்தால் மனம் புழுங்கலாமா கூடாதா என்பதற்கு மறைநூலில் தெளிவான விடை கிடைக்கவில்லை. பழம்பாடல்களில் தலைவன் வீடு திரும்பாமல் வெளியே சுற்றுவான், தலைவி வாசலை அடைத்துக்கொண்டு ஊடுவாள். நம் வீட்டில் இலக்கணம் தலைகீழ். தலைவி சங்கத்தில் இருக்கிறாள். தலைவன் சோற்றை மூடி வைத்துவிட்டு ஊடிக்கொண்டிருக்கிறான், அதையும் கவனிப்பார் இல்லை. சலவைக்கார அம்மாளின் மகன் எந்தப் பாடத்தில் தவறினான் என்று அவளுக்குத் தெரியும். காவலாளியின் மாமியாருக்கு எந்தக் காது கேட்காது என்று தெரியும். நான் மூக்குக்கண்ணாடியின் சட்டத்தை மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. அந்தக் காவலாளிதான் முதலில் பார்த்து, “ஐயா, புதுக் கண்ணாடி பிரமாதம், பத்து வயசு குறைஞ்சிட்டீங்க” என்றார். உன் அம்மா அதே கண்ணாடிக்குள் பார்த்து, “சங்கத்துச் சாவியை எங்கயாவது பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

சென்ற மாதம் அவளுக்குச் சங்கத்தார் ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். சம்பளமில்லாத செயலாளர் பதவியில் அவள் அமர்ந்தது நீ பிறப்பதற்கு முன்பு, இன்னும் எழவில்லை. என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பேசுவதற்கு என்னை அழைப்பார்கள் என்று நல்ல சொற்களாகத் தேர்ந்து அடுக்கி வைத்திருந்தேன், அழைக்கவில்லை. மேடையில் ஏறிய பேருந்து ஓட்டுநர், தன் பிறப்பைக் காரணம் காட்டி வேலை மறுத்த அதிகாரி முன் தான் வாதாடிய நாளைப் பற்றிச் சொன்னார். “எனக்கு அன்னிக்கு நாக்கே எழலைங்க. ஆனா அக்கா பின்னாடி நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. முதுகுல ஒரு சூடு இருந்துச்சு பாருங்க, அதுலதான் பேசினேன்.” கூட்டமே கைதட்டியது. நான் மட்டும் பேசி முடித்து மேடையிறங்கிப் போகும் அந்த மனிதரின் அகன்ற முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை ஆண்டு இல்லறத்தில் அப்படியொரு சூடு என் முதுகுக்குக் கிடைத்ததா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

அவள் பின்னால் நிற்கும் வழக்கம் உனக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியாது, அவருக்கும் படித்துக் காட்டு. நீ பிறப்பதற்கு முன் ஒரு செவிலிப் பெண்ணுக்கு, அவள் இன்ன குலம் என்று கேட்டறிந்த பிறகு, வாடகைக்கு வீடு தர மறுத்தார்கள். உன் அம்மா அவளுக்காக அதிகாரியிடம் போய்ப் பேசினாள். அதிகாரி உன் அம்மாவை உட்காரச் சொல்லி, அந்தப் பெண்ணை நிற்கவைத்தே பதில் சொன்னார். அன்றோடு தீர்மானித்துவிட்டாள். “நான் பேசினா மரியாதை எனக்குத்தான் கிடைக்குது, அவளுக்குக் கிடைக்கல. இனிமே அவங்க உட்காந்து பேசட்டும், நான் பின்னாடி நிக்கிறேன்” என்றாள். அதற்காகச் சங்க அறையில் ஒத்திகை நடக்கும். முறையிட வந்தவர் நாற்காலியில் அமர்வார், எதிரே துணைச் செயலாளரான தையற்காரர் அதிகாரியாக நடித்து அதட்டுவார், உன் அம்மா முறையிடுபவரின் பின்னால் நாற்காலியைப் பற்றிக்கொண்டு நிற்பாள். அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் வாய் திறக்க மாட்டாள். இதுதான் முறை, யாருக்காகவும் மாறியதில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உன் பேறுகாலத்துக்கு நாங்கள் இருவரும் அங்கே வர வேண்டும் என்று நீ எழுதினாய் அல்லவா. அந்தக் கடிதத்தை அவள் படித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு, “அந்த மாசம் சங்கத் தேர்தல் வருது, பாப்போம்” என்றாள். பாப்போம் என்ற அந்தச் சொல்லை நான் நன்கறிவேன். அது நம் வீட்டில் பலமுறை வந்து தங்கி என் பயணங்களைத் தின்றுவிட்டுப் போன விருந்தாளி. காலையில் பேசலாம் என்றால் தொலைபேசி, மாலையில் பேசலாம் என்றால் வாசலில் ஆட்கள். ஒரு குறையோடு வருபவனுக்குத்தான் இவளுடைய நேரம் கிடைக்கும் என்றால் நானும் குறையோடு போகிறேன் என்று முடிவு செய்து, புதன்கிழமை மாலை சட்டையை மாற்றிக்கொண்டு சங்கத்துக்கே போய்விட்டேன்.

சலவைக்கார அம்மாளுக்கும் காவலாளிக்கும் நடுவே பெஞ்சில் உட்கார்ந்தேன். உன் அம்மா என்னைக் கண்டதும், “என்னங்க, வீட்டுச் சாவியை உள்ளயே வெச்சுப் பூட்டிட்டீங்களா?” என்றாள். மனு கொடுக்க வந்திருக்கிறேன், என் முறை வரும்வரை காத்திருப்பேன் என்றேன். என்னை ஒரு கணம் பார்த்தாள். என் முறை வந்தபோது, “உட்காருங்க” என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, வழக்கம்போலப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தையற்காரருக்குத்தான் சங்கடம். என்னை எப்படி அதட்டுவது என்று நெளிந்தார். “எல்லாருக்கும் நடத்துற மாதிரியே நடத்துங்க தம்பி” என்று பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. உடனே அவர் நிமிர்ந்து, “என்ன பெருசு, என்ன வேணும்? சீக்கிரம் சொல்லு, எனக்கு வேலை கிடக்கு” என்றார். நான் இறை வணக்கத்தில் தொடங்கி, இல்லறத்தின் இயல்பை இரண்டு சொற்றொடரில் விளக்க முற்பட்டேன். “பாட்டெல்லாம் வேணாம்யா. யார் மேல புகார்?” என்றார். உங்கள் செயலாளர் மேல் என்றேன். “அட, அக்கா மேலயே மனுவா! ஆறிப்போறதுக்குள்ள சொல்லுங்க ஐயா” என்று சலவைக்கார அம்மாள் பெஞ்சை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மகளே, நான் தயாரித்துப் போனது வேறு. உன் அம்மா பதவியைவிட்டு முற்றாக விலக வேண்டும், என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவளைச் சங்கம் திருப்பித் தர வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். ஆனால் நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் அவள் கை இருந்தது. விரல்கள் என் தோள்பட்டையில் பட்டும் படாமலும் இருந்தன. அந்த ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. அலங்காரச் சொற்கள் அத்தனையும் என்னைவிட்டு எங்கோ போய்விட்டன. என் மகள் தனியாக இருக்கிறாள், முதல் பிரசவம், அவளுக்கு அம்மா வேண்டும் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. எனக்கும் வேண்டும் என்றேன். அதையும் சொன்னேன், அத்தனை பேர் முன்னிலையில்.

தையற்காரர் அதிகாரியாக இருப்பதை மறந்துவிட்டார். “பொண்ணுக்குப் பிரசவமா ஐயா? அக்கா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே” என்றார். சலவைக்கார அம்மாள் எழுந்தே விட்டாள். “ஏன்க்கா, எங்க வீட்டுப் பிரசவத்துக்கெல்லாம் ஓடி வந்து நின்னீங்களே, பெத்த பொண்ணுக்கு நீங்க நிக்காம யார் நிப்பா? நாங்க என்ன உங்களைக் கட்டியா வெச்சிருக்கோம்?” உன் அம்மா மூச்சு விடவில்லை. நான் முடித்துவிட்டதாகச் சொல்லாதவரை அவள் பேசக் கூடாது. நானோ முடித்ததாகச் சொல்லவில்லை. முடித்தால் அந்தக் கை போய்விடும். எனவே உடல்நலம், பருவநிலை என்று எதையெதையோ சேர்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் காவலாளிதான், “ஐயா, புதுக் கண்ணாடி போட்டும் பின்னாடி நிக்கிற வரிசை தெரியலையா? கொஞ்சம் எந்திரிங்க” என்றார். எழுந்தேன். உன் அம்மா கண் கலங்கியிருந்தாள். “வர்றேன்னு எழுதுங்க. மூணு மாசம்” என்றாள். மறு விநாடி காவலாளியின் பின்னால் போய் நின்றுவிட்டாள். பதவியை விடப்போவதில்லை, தேர்தலில் அவள் பெயரைத் தையற்காரரே முன்மொழிவாராம், திரும்பும்வரை பணியை அவரே பார்ப்பாராம். முழுவதும் கேட்கப் போனவனுக்கு மூன்று மாதம் கிடைத்தது. நான் கதவருகே நின்று அந்தக் காவலாளியின் முதுகைச் சிறிது நேரம் பார்த்தேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பொறாமை இருக்கிறது, அது தீரவில்லை, இருந்த இடத்தின் அருமை தெரிந்தபின் கூடியிருக்கிறது.

ஆகவே நாங்கள் இருவரும் வருகிறோம். அறையில் காற்று வரும் பக்கமாக அம்மாவுக்குக் கட்டிலைப் போடு. மாடிப்படியில் கைப்பிடி இல்லாமல் இறங்காதே, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, மருமகனைக் கடிந்து பேசாதே. காத்தருளும் கடவுள் உன்னையும் பிள்ளையையும் கண்ணிமைபோல் காப்பார். பிள்ளை நிறைந்த ஆயுளும் நேர்மையான நெஞ்சும் பெற்று வளரட்டும். ஒன்றை மட்டும் உறுதியாக நினைவில் வை. உன் அம்மா இங்கே என்ன வேலை செய்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் எவரிடமும் வாய் தவறியும் சொல்லிவிடாதே. தெரிந்தால் ஒரு வாரத்தில் உன் வாசலிலும் பெஞ்சு போட வேண்டியிருக்கும். அந்த மூன்று மாதம் என்னுடையது, உன்னுடையதும். நேற்றே அவள், உன் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவுப் பணியாளர்களை எல்லோரும் போகும் லிஃப்டில் ஏறவிடுகிறார்களா என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னாள். அவள் விசாரித்தால், அப்பா அதை எழுத மறந்துவிட்டார் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
மூன்று மாதம் வென்ற மனுதாரரும்
உன் அன்புள்ள அப்பாவும்