ராசி பிரஷ்ஷைக் கழுவிவிட்டேன், அக்கா

அன்புள்ள அக்கா,

'அன்புள்ள' என்று எழுதும்போதே கோபம் வருகிறது. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. திண்டிவனத்தில் உன்னிடம் கல்யாண அலங்காரம் செய்துகொண்ட பெண்கள் எல்லாம் வந்து, "மகராசி கைங்க அது" என்று அழுதுவிட்டுப் போனார்கள். நான் அழவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து உன் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அலங்காரம் உன் வேலை, பிரஷ் கழுவுவது என் வேலை. முகத்தில் பூசும் பான்கேக் மேக்கப்பின் பிசுக்குக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூ. இப்போது பெட்டிக்கடையிலேயே பாக்கெட் ஷாம்பூ வந்துவிட்டது, சீயக்காயோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அலசியதும் முடி கீழே பார்க்கக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவேன். நீ அவசரத்தில் டம்ளரில் நிமிர்த்தி வைப்பாய். தண்ணீர் காம்புக்குள் இறங்கி, பசை விட்டு, முடி கொட்டும். அதற்கும் திட்டு எனக்குத்தான்.

அந்தப் பெரிய பவுடர் பிரஷ்ஷை மட்டும் தொட விடமாட்டாய். அதில் முதலில் பூசிக்கொண்ட பெண் அமோகமாக வாழ்கிறாளாம். "ராசி பிரஷ்ஷுடி. வைகாசி முடியறவரைக்கும் அதுல தண்ணி படக்கூடாது."

அந்த வைகாசியில் விழுப்புரத்துப் பெண்ணின் கன்னத்தில் படர்தாமரை இருந்ததை நாம் இரண்டு பேருமே பார்த்தோம். "யக்கா, இத மட்டுமாவது கழுவிடறேன்" என்று கெஞ்சினேன். "முகூர்த்த நேரத்துல இன்னாடி பேஜாரு பண்ணிக்கினு இருக்க? ஜல்தியா பெட்டிய எடு" என்றாய். மூன்றாம் நாள் மயிலம் கோயிலில் வேறொரு பெண்ணுக்குக் கல்யாணம். அதே பிரஷ். இரண்டே வாரத்தில் அந்தப் பெண்ணின் கன்னத்திலும் வட்டம் வட்டமாகக் கிளம்பியது. சீக்குக்காரி என்று மாமியார் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

அவள் அம்மா நம் வாசலில் நின்று கத்தியபோது நீ என்ன சொன்னாய்? "பிரஷ் கழுவறது என் தங்கச்சிங்க. அவளக் கேளுங்க." நான் பக்கத்தில்தான் நின்றேன். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இன்றுவரை புரியவில்லை. அன்றிலிருந்து ஊருக்கு நான் அழுக்குக் கைக்காரி. ஒரு நாளாவது உனக்கு உறுத்தியதா?

மருந்து போட்டு அந்தப் பெண்ணுக்குக் குணமாகி, புருஷனே வந்து கூட்டிப்போனான். போன வாரம் அந்த அம்மா துக்கம் விசாரிக்க வந்தார். நடந்ததை முதல்முறையாகச் சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"செத்தவ வந்து பதில் சொல்ல மாட்டான்னு கூடப்பொறந்தவ மேலயே பழி போடறியே, நீயெல்லாம் பொம்பளயா?"

உயிரோடிருந்து சொல்லியிருக்க வேண்டியது நீ. செத்துப்போய் என்னைப் பொய்க்காரியும் ஆக்கிவிட்டாய். உன்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை, அக்கா. தீரும் என்றும் தோன்றவில்லை.

அவர் போனதும் ராசி பிரஷ்ஷைக் கழுவினேன். ஏழு தண்ணீர் மாற்றியும் பழுப்பாகவே வந்தது. எட்டாவதில்தான் தெளிந்தது.

நாளை மறுநாள் மயிலத்தில் ஒரு கல்யாணம், நான் தனியாகப் போகும் முதல் வேலை. நாளைக்கே போய், பெண் வீட்டுக் குழாயடியில் எல்லோரும் பார்க்கப் பிரஷ்களைக் கழுவி, அவர்கள் கொடியிலேயே காயவைப்பேன். இனி எந்த வீட்டிலும் அப்படித்தான். ஏன் என்று கேட்பவர்களிடம் உன் பெயரைச் சொல்வேன். நம்பாவிட்டாலும் சொல்வேன். இது சத்தியம்.

நீ கைகாட்டிவிட்ட தங்கை,
செல்வி