இடுப்பு பிடித்த மிதியடி

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீ மறைத்தாலும் எனக்குச் சேதி வந்துவிடுகிறது. மிஷின் ஊசி விரலில் ஏறியதாமே? கண் டாக்டர் தையல் வேண்டாமென்று சொல்லி மூன்று மாதமாகிறது. மாடி அறையை உனக்காக வெள்ளையடித்து வைத்திருக்கிறோம். மாதக் கடைசியில் அவர் வண்டியோடு வருவார். பிடிவாதம் பிடிக்காமல் வந்துவிடு.

உன் தங்கை

மார்ச் 9

அன்புத் தங்கச்சிக்கு,

கோள் சொன்ன வாய் யாருடையது என்று எனக்குத் தெரியும். மிஷினை மூடிவிட்டேன், போதுமா? முப்பது வருஷம் ரவிக்கை தைத்துச் சொந்தக் காலில் நின்றவள், உன் மாடியில் சும்மா உட்கார்ந்தால் ஆறே மாதத்தில் உன்னோடு சண்டைக்கு வருவேன்.

பழந்துணியில், வாசலில் போடும் மிதியடி பின்னப் போகிறேன். எதிர்வீட்டுத் தச்சர் பழைய ஜன்னல் சட்டத்தில் மேலும் கீழும் ஆணி அடித்துத் தறியாக்கிக் கொடுத்தார். அதில் கெட்டியான நூலை மேலும் கீழுமாக இழுத்துக் கட்டினால் பாவு. இரண்டு துணிக் கீற்றுகளை எடுத்து, ஒன்றைப் பாவு நூலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் விட்டு ஒரு முறுக்கு. அடுத்த நூலில் முன்னது பின்னே போகும். விரல் தடிமன் கீற்றுக்குக் கண்ணே வேண்டாம்.

மாதக் கடைசிக்குள் நேராக ஒன்று வராவிட்டால் முனகாமல் வண்டி ஏறுகிறேன்.

அன்புடன் அக்கா

மார்ச் 18

தங்கச்சி,

முதல் மிதியடியின் படம் இணைத்திருக்கிறேன். மேலும் கீழும் அகலம், நடுவில் ஒடுக்கம். நான் தைத்த ரவிக்கை மாதிரியே இடுப்பு பிடித்திருக்கிறது. முப்பது வருஷப் பழக்கத்தில் ஒவ்வொரு முறுக்கையும் இறுக்கிவிட்டேன். விட்டுப் பிடிக்க இந்தக் கைக்குத் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

அக்கா

மார்ச் 22

அக்கா,

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, மன்னித்துவிடு. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். முப்பத்தொன்றாம் தேதி அவர் புறப்படுகிறார். பெட்டியைக் கட்டு.

தங்கை

மார்ச் 28

தங்கச்சி,

மாப்பிள்ளையை வண்டியிலிருந்து இறங்கச் சொல்.

அந்த மிதியடியை முழுக்கப் பிரித்தேன். இரு ஓரமும் உள்ளே ஒடுங்காதபடி சட்டத்தின் இரு பக்கமும் கம்பி கட்டினேன். நான்கு நாள் என் கையோடுதான் சண்டை. இறுக்கத் தோன்றும்போதெல்லாம் எழுந்து தண்ணீர் குடித்தேன். ஒரு குடம் காலி. நேற்று டேப் வைத்து அளந்தேன். மேலே இருபத்திரண்டு அங்குலம், நடுவில் இருபத்திரண்டு, கீழேயும் அதே! தச்சரையும் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். படம் இதோடு இருக்கிறது.

ரவிக்கை தைக்கக் கேட்டு வந்த பாலர் பள்ளி டீச்சர், வாசலில் போட்டிருந்த அதன் அழகைப் பார்த்து மிதிக்கவே மாட்டேனென்று நின்றார். "இது மாதிரி பன்னிரண்டு வேணும், பிள்ளைங்க உட்கார. செய்வீங்களா?" என்றார்.

"ஜூன்ல தர்றேன்," என்றேன்.

நான் வரவில்லை. கோபப்படாதே.

உன் அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

கோபமில்லை, நீ ஜெயித்தாய். தெருவில் எல்லோரிடமும் படத்தைக் காட்டிவிட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். உன் கண்ணுக்காக மட்டும் கூப்பிடவில்லை. பிள்ளைகள் வெளியூர் போன பிறகு, அவரும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் நாள் முழுக்க இந்த வீட்டில் எனக்குப் பேச ஆளில்லை.

தங்கை

ஏப்ரல் 6

அடி பைத்தியமே,

இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? மிதியடியை இரு முனையிலிருந்தும் பின்னி நடுவில் முடிக்க வேண்டும். தனியாளாகச் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு என் இடுப்பு ஒடிகிறது. எதிர்முனையில் உட்கார எனக்கு ஆள் வேண்டும். ஜூன் வரை வந்து இரு. மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரியும், சாக்குச் சொல்லாதே.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நான் தளர்வாகத்தான் பின்னுவேன், திட்டக்கூடாது.

தங்கை