முதல் டப்பாப் பொடி

ஜனவரி 9

அடேய் ஆமை,

மூணு கடுதாசி போட்டாச்சு, ஒண்ணுக்கும் பதில் இல்ல. உங்க அத்தை வீட்டுல பேனா கூடவா கிடைக்காது? சரி, சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். நம்ம டெலஸ்கோப் கண்ணாடியைத் தேய்ச்சு முடிச்சாச்சுடா. நேத்து சாயங்காலம் அதுல சனியைப் பார்த்தோம்.

எப்படிச் சொல்றதுன்னே தெரியல. பள்ளிக்கூட மொட்டை மாடியில வரிசையா நின்னோம். ஏழு மணி கூட ஆகல. என் முறை வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டுக் குனிஞ்சேன். ஒரே கறுப்பு, அதுக்குள்ள சின்னதா ஒரு உருண்டை, சுத்தி வளையம். படத்துல பார்த்தது தான். ஆனா இது மெதுவா ஓரத்துக்கு நகர்ந்து போகுது. நம்ம தாத்தனுக்குத் தாத்தன் பிறக்கிறதுக்கு முன்னாடியிலிருந்து அது அங்க இருக்கு. எவனாவது பேப்பர்ல வெட்டி உள்ள ஒட்டியிருப்பானோன்னு குழாய்க்கு முன்பக்கம் போய் எட்டிக் கூடப் பார்த்தேன். சயின்ஸ் சார் விழுந்து விழுந்து சிரிச்சார்.

ரெண்டு தட்டைக் கண்ணாடி வட்டு, நடுவுல பொடியும் தண்ணியும். பன்னெண்டு பசங்க கையால தேய்ச்சே ஒரு குழி விழுந்து, அந்தக் குழி சனியைப் பிடிச்சுக் குடுக்குதுன்னா யாரு நம்புவா? நீ இருந்தப்ப கண்ணாடியில விழுந்த அந்தக் கீறலுக்கு அப்புறம் முதல்லேருந்து தேய்க்க வேண்டியதாப் போச்சு, அவ்வளவு தான்.

நீ இல்லாதது தான் குறை. லீவுல வந்து பார்த்துட்டுப் போ.

கண்ணு இன்னும் மேலேயே இருக்கிற,
சோடாபுட்டி


ஜனவரி 20

அன்புள்ள சோடாபுட்டி,

உன் கடுதாசியைப் பத்து தடவை படிச்சேன். வளையம் நேரா இருந்துச்சா, சாய்ஞ்சிருந்துச்சா? என்ன நிறம்? ஒண்ணு விடாம எழுது.

பதில் போடாததுக்குக் காரணம் வெட்கம் தான். ஆறு டப்பாப் பொடி. முதல் டப்பா மணல் மாதிரி, ஆறாவது முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி. டப்பா மாறும்போது நகக்கண் வரைக்கும் கழுவணும்னு சார் தலைப்பாடா அடிச்சுக்கிட்டார். அஞ்சாவது டப்பா தேய்க்கும்போது முதல் டப்பா மணல் உள்ள போய்க் கீறிடுச்சு. அன்னைக்குக் காலையில அந்த முதல் டப்பாவை எடுத்து வெச்சவன் நான். கையைக் கழுவினதாத் தான் ஞாபகம். ஆனா சார் கேட்டப்ப அடிச்சுச் சொல்ல முடியல. அப்பா தலைகுனிஞ்சு போய் என்னை இங்க அனுப்பிட்டார். அஞ்சு மாச உழைப்பு, என்னால போச்சு.

இங்க லேப்ல எதையும் தொடறதில்ல. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுறேன்னு அத்தை எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. விரல் இடுக்கெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. அடுத்த வருஷம் சயின்ஸ் குரூப் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். இந்தக் கைக்கு அது லாயக்கில்ல.

உன்,
ஆமை


ஜனவரி 28

ஆமை,

உன் கடுதாசி வந்ததிலிருந்து சோறு இறங்கல. அந்தக் கீறல் உன்னால இல்ல. என்னால.

அன்னைக்கு மத்தியான இடைவேளையில என் சைக்கிள் பெல்லுல இருந்த துருவை எடுக்க, முதல் டப்பாவுல ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்ச்சேன். மணி அடிச்சதும் கையைப் பேன்ட்ல துடைச்சுட்டு என் முறைக்கு உட்கார்ந்துட்டேன். கொஞ்ச நேரத்துல கிர்ருன்னு ஒரு சத்தம். எழுந்து இடத்தை உனக்குக் குடுத்துட்டேன். அப்புறம் திருடனுக்குத் தேள் கொட்டின கதை தான். "நானாத் தான் இருக்கும் சார்"னு நீ சொன்னப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. எழுதவே கூசுது.

இன்னைக்குக் காலைக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். சார் என் முகத்தையே பார்க்கல. இனிமே மொட்டை மாடிக்கு வரக் கூடாதுன்னுட்டார். அது நியாயம் தான்.

வளையம் சாய்ஞ்சு தான் இருந்துச்சு. லேசான மஞ்சள். உன் கைக்கு ஒண்ணும் இல்லடா, சயின்ஸை விட்டுடாதே. என்னை மன்னிச்சுடு.

சோடாபுட்டி


பிப்ரவரி 11

சோடாபுட்டி,

படிச்சுட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். "நான் இல்ல அத்தை, நான் இல்ல"ன்னு நாலு தடவை சொன்னேன். பாவம், அவங்களுக்கு ஒண்ணும் புரியல. மறுநாளே சயின்ஸ் குரூப்புக்கு மாத்திட்டேன். இங்க இருக்கிற சார் ரெண்டு கண்ணாடி வட்டு வாங்கித் தந்திருக்கார். நேத்து தேய்க்க ஆரம்பிச்சேன். ஒரு மணி நேரம் கழிச்சு ஸ்கேலைக் குறுக்க வெச்சுப் பார்த்தா, நடுவுல அடியில வெளிச்சம் தெரியுது. யாரும் சொல்லாமலே அதுவா உருண்டையாக் குழியுது பாரு!

எல்லார் முன்னாடியும் நின்னு சொன்னியே, அது லேசுப்பட்ட காரியம் இல்ல. பொடியைத் தொட்டதுக்கும், பயந்து வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கும் எனக்கு உன்மேல கோபம் இல்ல. பயம் யாருக்குத் தான் இல்ல.

ஆனா ஊரை விட்டுக் கிளம்பின அன்னைக்கு, உங்க பதினோரு பேர் வீட்டுக்கும் ஒவ்வொண்ணாப் போய் மன்னிப்புக் கேட்டேன். கடைசியா உன் வீடு. நீ வாசல்ல நின்னு, என் தோள்ல கை போட்டு, "போகட்டும் விடுடா, நான் மன்னிச்சுட்டேன்"னு சொன்னே. இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான்னு பஸ்ஸு பூரா அழுதுக்கிட்டே வந்தேன்.

அது ஒண்ணை மட்டும் என்னால தாண்ட முடியல. இனிமே எழுதாதே. நல்லா இரு.

ஆமை