நாலரைக் கட்டை

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் மகன் போனில் சொன்னான். அவன் சொன்னால் போதுமா? நீயே எழுது. நன்றாக இருக்கிறது என்று காட்டுவதற்காக மாடி ஏறாதே.

இங்கே நம் இசை மன்றத்தில் நடந்ததைக் கேள். ஆண்டுக் கச்சேரிக்கு நூலக மாடியில் ஒத்திகை. எனக்குப் பின்னால் உட்கார்ந்து சுருதிப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள நீ இல்லை. பொருளாளர் உட்கார்ந்தார். "சுருதி எத்தனை கட்டைங்க மேடம்?" என்றார். இத்தனை வருஷம் என்னோடு மேடையேறியவர் கேட்கிற கேள்வியா அது? "ஐந்தரை. கல்யாணத்துக்கு முன்னாலேருந்தே ஐந்தரை" என்றேன். பாட்டின் உச்சியில், மேல் ஸட்ஜத்தில், தொண்டை இரண்டாகப் பிளந்தது. திரும்ப எடுத்தேன். திரும்பவும் அப்படியே. அன்று காலை வீட்டில் சாதகம் செய்தபோது அதே இடம் வெண்ணெயாக வந்தது.

நம் தலைவர் பல் டாக்டரைத்தான் உனக்குத் தெரியுமே. யார் வாயைத் திறந்தாலும் உள்ளே எது கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கிறவர். மறுநாளே எனக்குக் கடிதம் அனுப்பினார். இந்த ஆண்டு நிறைவுப் பாட்டை நான் பாடிச் சிரமப்பட வேண்டாமாம். முதல் வரிசையில் எனக்கென்று ஒரு கௌரவ நாற்காலி போடுவார்களாம். அரைப் பக்கக் கடிதத்தில் மூன்று எழுத்துப்பிழை. கான்வென்ட்டில் பிள்ளைகள் நோட்டைத் திருத்திப் பழகிய கை சும்மா இருக்குமா? சிவப்பு மையில் திருத்தி, "பாடுவேன்" என்று கீழே எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

உன் அண்ணன் இந்த மன்றத்தை எங்கள் முன்னறையில் தொடங்கிய நாள் முதல் நிறைவுப் பாட்டு என்னுடையது. அன்றைக்கு இந்த டாக்டருக்குப் பால் பல்லே விழுந்திருக்காது.

பொருளாளருக்குப் பெட்டியைத் திருகத் தெரியவில்லை. கோளாறு அவ்வளவுதான்.

அன்புடன்,
அண்ணி

•

மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

வாசல் வரை நடக்கிறேன். பயிற்சி கொடுக்க வருகிற பெண் "பாட்டி, இன்னொரு தடவை" என்கிறாள். பாட்டி என்று கூப்பிட்டால் நடக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எல்லாம் உங்களிடம் கற்றதுதான். மருமகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். டீ மட்டும் வெந்நீர் மாதிரி இருக்கிறது.

பொருளாளரைத் திட்டாதீர்கள், பாவம். அடுத்த ஒத்திகையில் அவரை நாலரை வைக்கச் சொல்லுங்கள். ஏன், எதற்கு என்று கேட்காமல் ஒரே ஒரு தடவை பாடிப் பாருங்கள். எனக்காக.

அன்புடன்,
பாப்பா

•

மார்ச் 16

பாப்பா,

ஏன் என்று கேட்காமல் எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை.

போன ஆண்டுக் கச்சேரியின் ஒலிப்பதிவைப் போட்டேன். உன் அண்ணன் போனபின் மூடியே கிடந்த ஹார்மோனியத்தைத் திறந்து, ஐந்தரைக்கு உரிய கட்டையை அழுத்தினேன். என் குரலோடு அது சேரவில்லை. ஐந்தும் சேரவில்லை. நாலரையில் போய் ஒட்டிக்கொண்டது. வீட்டுச் சுருதிப் பெட்டியையும் ஹார்மோனியத்தோடு ஒத்துப் பார்த்தேன். அதில் எண்கள் தேய்ந்து எத்தனையோ காலமாயிற்று. நீ வைத்துவிட்டுப் போன இடத்தில்தான் தினமும் அதைத் தட்டிவிடுகிறேன். அதுவும் நாலரை.

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "இந்த வயசிலும் ஐந்தரை" என்று சொல்லியிருக்கிறேன். பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுச் சிரித்தாயா? குழந்தைக்குப் பாலில் மருந்து கலப்பது மாதிரி எனக்குக் கலந்து கொடுத்திருக்கிறாய். நாற்காலி போடுகிறேன் என்றவர் எவ்வளவோ தேவலை. எனக்கே எழுதிச் சொன்னார்.

எப்போது தொடங்கினாய் என்று எழுது. வேறு எதுவும் எழுதாதே.

அண்ணி

•

மார்ச் 22

அண்ணி,

அண்ணன் போன பிறகு நீங்கள் பாடிய முதல் கச்சேரியில் தொடங்கினேன்.

மேடைக்குப் பின்னால் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தீர்கள். கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, குரல் இறங்கியிருந்தது. "பாப்பா, ஐந்தரை வை" என்றீர்கள். நான் ஐந்து வைத்தேன். நீங்கள் பாடினீர்கள். அன்றைக்குக் குரல் உடைந்திருந்தால் அதோடு வாயை மூடியிருப்பீர்கள். மறுபடி யார் கெஞ்சினாலும் திறந்திருக்க மாட்டீர்கள். பிறகு வேறொரு வருஷம் இன்னும் அரைக் கட்டை இறக்கினேன்.

வேறு எதுவும் எழுதாதே என்றீர்கள். எழுதுவேன். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொன்னதெல்லாம் கேட்டிருக்கிறேன். இந்த ஒன்றைத்தான் கேட்கவில்லை. அதற்கு மன்னிப்பும் கேட்கமாட்டேன். நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மேல் ஸட்ஜம் வந்து சேருகிற வரை உங்கள் முதுகைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாலரையில் பாடுங்கள். மனசு வராவிட்டால் போய் அந்த நாற்காலியில் உட்காருங்கள்.

பாப்பா

•

ஏப்ரல் 9

பாப்பாவுக்கு,

உன்மேல் கோபம் போகவில்லை. ஆனால் நேற்றுக் கச்சேரி முடிந்தது. அதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

முதல் வரிசை நடுவில், சிவப்புத் துணி போர்த்திய நாற்காலி. டாக்டர் என் முழங்கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனார். "நீங்க வசதியா உட்காருங்க மேடம். நிறைவுப் பாட்டை இந்தத் தடவை பொருளாளர் பாடட்டும்."

பொருளாளர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்கு இஷ்டமான்னு கேட்டீங்களா?" என்றேன்.

"காலையிலேருந்து நின்னுட்டே இருக்கீங்க டாக்டர். நீங்க உட்காருங்க" என்று சொல்லிவிட்டு மேடையேறினேன். அத்தனை பேர் பார்க்கும்போது அவர் என்ன செய்வார்? உட்கார்ந்தார்.

சுருதிப் பெட்டியை வாங்கி எனக்கு முன்னால், எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தேன். மைக்கை இழுத்துச் சொன்னேன்: "இத்தனை வருஷமா நான் ஐந்தரைக் கட்டையில பாடறதா உங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன். அது தப்பு. என் குரல் இப்போ நாலரை. நாலரையிலதான் பாடப் போறேன். ஐந்தரைதான் வேணும்கிறவங்க வீட்டுக்குப் போய் என் பழைய ரெக்கார்டு கேட்கலாம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஒருவரும் எழுந்து போகவில்லை.

என் கையாலேயே திருகினேன். மேல் ஸட்ஜம் வந்தது. வந்த இடத்திலேயே நின்றேன், வேண்டுமென்றே, டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிற வரைக்கும். அப்புறம்தான் இறங்கினேன். கைதட்டியவர்களில் அவரும் இருந்தார்.

கடைசி வரியில் குரல் லேசாக இழுத்தது. அவர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. உனக்குத் தெரிந்திருக்கும். வேண்டியிருந்தால் அடுத்த வருஷம் நாலு, அதற்கடுத்து மூன்று. கட்டையைக் குறைத்துக்கொள்வேன், மேடையை விட்டுத்தர மாட்டேன்.

கால் சரியானதும் கிளம்பி வா. ஆனால் பழைய இடம் உனக்குக் கிடையாது. என் முதுகுக்குப் பின்னால் யாரும் இனி உட்கார வேண்டாம். பெட்டியோடு என் பக்கத்தில் உட்கார், எண் என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இறக்க வேண்டும் என்று தோன்றினால் என் காதில் சொல். சண்டை போடுவேன். போட்டுவிட்டு, நீ சொன்னதைக் கேட்பேன்.

அன்புடன்,
அண்ணி

பின்குறிப்பு: தரையில் உட்கார முழங்கால் இடம் கொடுக்காது என்று எழுதிவிடாதே. அந்தக் கௌரவ நாற்காலி சும்மாதான் கிடக்கிறது. உனக்காக அதை மேடைக்குத் தூக்கிவரும்படி டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.