துடைக்காமல் விட்ட பொட்டு

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் விரலில் சந்தன வாசனை போகவில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் எனக்கு எப்போதும் இப்படித்தான். சேலையூர் முழுக்க எல்லார் கையிலும் இன்று இந்த வாசனை இருக்கும். அவர்கள் வைத்த கை, நான் துடைத்த கை. சாப்பிட உட்கார்ந்தால் சாம்பாரையும் மீறி மூக்கில் ஏறுகிறது. தட்டை மூடி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதி எங்கே அனுப்புவாய் என்று கேட்காதே. உயிரோடு இருந்தபோதே நீ யாருக்கும் ஒழுங்காகப் பதில் போட்டவன் இல்லை.

பெருங்களத்தூரைத் தாண்டி உள்ளே போகும் சாலையில், ஏரிக்கரையை ஒட்டி இருக்கும் அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில்தான் இன்னும் வேலை பார்க்கிறேன். அன்று நாம் இருவரும் கற்றுக்கொள்ள வந்தவர்கள். இன்று நான் கற்றுக்கொடுக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பேர் முட்டி இடிக்க உட்காரும் அதே குட்டி விமானங்கள். அதே வெயில். என் கோபமும் அப்படியே இருக்கிறது என்று பையன்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். சும்மா சும்மா திட்டுகிறேன் என்று நீதான் முதலில் எனக்குத் "தாயே" என்று பட்டம் வைத்தாய். உன் வாயிலிருந்து வந்தது ஊர் முழுக்கப் பரவி, என் உண்மைப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாமலே போயிற்று.

பயிற்சி முடிந்து திரும்பும்போது இரும்புலியூர் டீக்கடையில் நிற்போம். மற்றவர்கள் சினிமா பேசுவார்கள், கிரிக்கெட் பேசுவார்கள். நீ மட்டும் விபத்து பேசுவாய். எங்கெங்கோ விழுந்த பயிற்சி விமானங்களின் கதையெல்லாம் உன்னிடம் இருந்தது. மழைக்கு மறுநாள் பெட்ரோல் டேங்கில் இறங்கிய தண்ணீரை வடித்துப் பார்க்காமல் கிளம்பியவன். எண்ணெய் மூடியைத் திருகாமல் விட்டவன். ஊருக்கு மேல் தாழப் பறந்து அத்தை வீட்டு மொட்டைமாடிக்குக் கை காட்டப் போனவன். வடையைக் கடித்துக்கொண்டே நீ சொல்லும்போது எனக்கு டீ இறங்காது.

"எவனாவது விழுந்தா, 'பாவம், அவன் நேரம்'னு சொல்லிட்டு எழுந்து போயிடறாங்க, தாயே. நேரமா வந்து டேங்க்ல தண்ணி ஊத்துச்சு?"

"டீ ஆறுது. முதல்ல குடி."

"நான் எங்கயாவது விழுந்து வெச்சா, நல்ல பையன், தங்கமான பையன்னு சொல்லி மூடிடாத. என்ன தப்பு பண்ணேன்னு சொல்லு. அடுத்தவனாவது பொழைப்பான்."

"வாயக் கழுவுடா மொதல்ல" என்று கத்தினேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நீ சிரித்தாய்.

அன்றைக்கே மேசையில் சிந்திய டீயில் விரலைத் தோய்த்து ஒரு கோடு போட்டாய். அதுதான் ஓடுதளம். கோட்டின் முனையிலிருந்து விரலை வளைத்துத் திருப்பிக் காட்டினாய். மேலே ஏறிய கையோடு ஏதாவது கோளாறு என்றால் எல்லாருக்கும் கிளம்பின இடத்துக்கே திரும்பத்தான் தோன்றும், ஆனால் அந்த உயரத்தில் திரும்ப விமானத்துக்குத் தெம்பு இருக்காது, அப்படித் திரும்பித்தான் பாதிப் பேர் போகிறார்கள் என்றாய். "நேரா போ. எதிர்ல வயலோ ஏரியோ முள்ளுக்காடோ, எது கெடைக்குதோ அதுல எறக்கு. பிளேன் போனா போகட்டும்." இதை எத்தனை பேருக்குச் சொன்னாய்! எனக்கே எத்தனை தடவை!

அந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு விமானத்தைக் குளிப்பாட்டியதே நீதான். உன் அப்பா, நீ 'அத்தா' என்று கூப்பிடுகிறவர், தாம்பரம் மார்க்கெட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கடையிலிருந்து ஒரு கட்டு வேஸ்ட் துணி கொண்டுவந்து இறக்கை, வால், சக்கரம் எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்தாய். பொரியில் பொட்டுக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்று என்னிடம் திட்டும் வாங்கினாய். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியபோது எல்லாரையும் விட நீதான் பலமாகக் கை தட்டினாய்.

சந்தனம் குழைத்த கிண்ணம் கை மாறிக்கொண்டே இருந்தது. ஆளுக்கு ஓர் இடத்தில் அப்பினார்கள். விமானத்தின் இடப்பக்கம், கதவுக்குக் கொஞ்சம் முன்னால், ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமான ஒரு தகடு இருக்கும். அதன் நடுவில் குண்டூசி நுழையும் ஓர் ஓட்டை. வெளிக்காற்றின் அழுத்தத்தை விமானம் அந்த ஓட்டை வழியாகத்தான் உணரும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று உள்ளே முள் காட்டுவது அதை நம்பித்தான். வட்டமாக, நெற்றி மாதிரி இருந்த அந்த இடத்தில் யாரோ ஒருவர் பக்தியோடு அழுத்திச் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் இட்டுவிட்டார். யார் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. வைத்தவருக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் காலை முதல் பறப்பு உன்னுடையது, தனியாக. கிளம்புவதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஓட்டை திறந்திருக்கிறதா என்பதும் அதில் உண்டு. நீ துணியோடு சுற்றி வந்திருக்கிறாய். "பொட்டெல்லாம் துடைச்சிடவாண்ணே?" என்று மெக்கானிக் அண்ணனைக் கேட்டிருக்கிறாய். அவர் எஞ்சின் பக்கம் குனிந்தபடியே, "கண்ணாடிய மட்டும் தொடச்சிக்கோ தம்பி. மத்தது இர்க்கட்டும். விஜயதசமியும் அதுவுமா இன்னாத்துக்கு அழிச்சிகினு" என்றாராம். நீயும் சரி என்று துணியை மடித்து வைத்துவிட்டாய். இதையெல்லாம் அவரே பிறகு என்னிடம் சொல்லி, தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

டேய், உனக்கா தெரியாது அங்கே ஓட்டை இருக்கிறதென்று? ஊரில் விழுந்தவன் கதையெல்லாம் தெரிந்த உனக்கா? வேறு எந்த நாளாக இருந்தாலும், எந்தக் கறையாக இருந்தாலும், யாரையும் கேட்காமல் சுரண்டி எறிந்திருப்பாய். அது குங்குமம். நீ பாய் வீட்டுப் பையன். அடுத்தவர்கள் சாமிக்கு வைத்ததை அழிக்க உனக்குக் கை வரவில்லை.

என் முறைக்காக நான் மரத்தடியில் காத்திருந்தேன். தரையில் ஓடும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். ஏற ஏறத்தான் அடைபட்ட ஓட்டை வேலையைக் காட்டும். வேகம் குறையாமலே முள் குறைந்துகொண்டே வரும். முள்ளை நம்பி நீ அழுத்தியதில் விமானத்தின் மூக்கு திடீரென்று கீழே குத்தியது. பிறகு நிமிர்ந்தது. மறுபடி குத்தியது. "ஸ்பீடு இல்ல... ஸ்பீடு இல்ல... திரும்பறேன்" என்று மரத்தடி ரேடியோவில் உன் குரல் கேட்டது. எதிரே ஏரி காலியாகக் கிடந்தது. இடுப்பளவு கோரைப்புல், சேறு, அவ்வளவுதான். "திரும்பாதடா! நேரா போடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இடது இறக்கை சாய்ந்தது. முழுவதும் திரும்பவில்லை நீ.

இரண்டே நாளில் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வெள்ளைச் சட்டையில் நீ. 'பள்ளிக் குழந்தைகளைக் காக்க விமானத்தைத் திருப்பித் தன்னுயிர் ஈந்த தியாகி' என்று கீழே அச்சடித்திருந்தார்கள். விஜயதசமி அன்று பள்ளிக்கூடமே கிடையாது, அந்தப் பக்கம் பள்ளிக்கூடமும் கிடையாது. ஆனால் டீக்கடையிலும் அதையேதான் பேசினார்கள். பயிற்சிப் பள்ளியில் தலைமைப் பயிற்சியாளர் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விசாரணைக்கு வந்தவர்கள் அந்த ஓட்டையில் காய்ந்த சந்தனத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

"இத வெளில பேசாதம்மா. நம்ம பூஜை, அவங்க பையன். ஊருல வேற மாதிரி ஆயிடும். தியாகின்னு சொல்றாங்க, சொல்லிட்டுப் போகட்டுமே. அவங்க வீட்டுக்கும் ஆறுதல்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் உன் அத்தா கடைக்கு வரச் சொன்னார். ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். மேசை மேல் அந்த போஸ்டர் மடித்து இருந்தது.

"இது நெசமாம்மா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் சாகும் வரை அதைப் பிடித்துக்கொண்டு இருப்பார். நீ டீக்கடையில் சொன்னது காதில் கேட்டது. சனியன் பிடித்தவனே, இப்படி ஒரு பாரத்தை என் தலையில் வைத்துவிட்டுப் போனாயே என்று உன்னை மனசுக்குள் திட்டினேன்.

"இல்ல அங்கிள். எதிர்ல ஏரி காலியா இருந்துச்சு. நேரா எறக்கியிருந்தா பொழைச்சிருப்பான். திரும்பக் கூடாது, திரும்பிட்டான். அது தப்பு."

ஆரம்பித்த பிறகு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. முள் பொய் சொன்னதை, ஓட்டையை, சந்தனத்தை, நீ கேட்டதை, இருக்கட்டும் என்று நீ விட்டதை எல்லாவற்றையும் சொன்னேன். கடைப் பையன் ஒருவனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு அவர் தராசின் பக்கம் திரும்பினார். அதன் கம்பியில் அவருடைய கடைப் பையன்கள் வைத்த சந்தனப் பொட்டு இருந்தது.

"பசங்க வருஷா வருஷம் இதுக்கும் வெப்பாங்க. தட்டுல மட்டும் வெக்க மாட்டாங்க, எடை மாறிடும்னு" என்றார். பிறகு போஸ்டரை ஓரமாகத் தள்ளிவைத்தார். "அடுத்தவங்க சாமிக்கு வெச்சத மதிக்கணும், தொட்டு அழிக்கக் கூடாதுனு சின்ன வயசுல அவனுக்கு நான்தாம்மா சொல்லிக் குடுத்தேன்."

நான் அழுதேன். அவரும் அழுதார். தியாகி என்றே சொல்லியிருக்கலாமோ என்று அன்றைக்கு வீடு வரும் வரை என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். நீ திருப்திப்பட்டிருப்பாய். உன்னை அறைய வேண்டும் போல இருந்தது.

அடுத்த விஜயதசமி காலையில் அவர் பள்ளி வாசலில் வந்து நின்றார். கையில் ஈர வேஸ்ட் துணி. சார் வாசலுக்கு ஓடினார். சண்டைக்கு வந்துவிட்டார் என்றே நினைத்தார். "பூஜைய நிறுத்திடாதீங்க சார்" என்றார் உன் அத்தா. "எல்லாரும் வெக்கட்டும். அழிக்க யோசிக்கிறவன் இருப்பான். அதனால நான் வந்து அழிச்சிட்டுப் போறேன்." பிறகு என்னைப் பார்த்து, "அந்த ஓட்டை எதும்மா, காட்டு" என்றார்.

காட்டினேன். பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டு மெதுவாகத் துடைத்தார். அந்தத் துணியைக் கீழே போடாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மெக்கானிக் அண்ணன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதிலிருந்து வருஷம் தவறியதில்லை. இன்று காலையும் வந்தார். முட்டி வலி, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் குனிய முடிந்தது. மற்ற விமானங்களைத் துடைக்கச் சொல்லித் துணியில் பாதியைக் கிழித்து எனக்குக் கொடுத்தார். புதிதாகச் சேர்ந்த பையன்களும் ஒரு பெண்ணும் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு நான் உன் கதையைச் சொன்னேன், உன் அத்தாவை வைத்துக்கொண்டே. நல்ல பையன் என்றும் சொன்னேன், அதற்கு நீ என்ன திட்டினாலும் சரி. பிறகு நீ செய்த தப்பை, துடைக்காததை, திரும்பியதை, ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பெண் எதிரே இருக்கும் ஏரியை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அவர் காது கொஞ்சம் மந்தம் இப்போது. நான் சொல்வதில் பாதி கேட்டிருக்காது. ஓட்டையைச் சுற்றித் துடைத்து முடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். ஒவ்வொரு வருஷமும் கேட்பதைத்தான் இன்றும் கேட்டார்.

"இப்ப மூச்சு விடுதாம்மா?"

"விடுது அங்கிள்."