வைப்பரில் ஒட்டிய குங்குமம்

அக்கா,

கை முழுக்க ரப்பர் வாசம். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவியும் போகவில்லை. உன் வண்டியின் பழைய வைப்பர் இரண்டும் சாப்பாட்டு மேசையில் பழைய நாளிதழ்மேல் என் எதிரே கிடக்கின்றன. அழுக்குச் சாமானை ஏன் இங்கே வைத்தாய் என்று அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் அம்மா அப்படிக் கேட்காமல் இருந்தால், வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது என்று உனக்கே புரிந்திருக்கும்.

இவை போன வருசம் ஆயுத பூசைக்கு முந்திய வாரம் நீ மாட்டியவை. அப்போதே புற்றுநோயில் உன் உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. தலையில் துணி கட்டிக்கொண்டு, கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க மாட்டினாய். நான் மாட்டுகிறேன் என்று கிட்டே வந்தேன். "நீ தள்ளு. ஒனக்கு வலது எது எடது எதுன்னே தெரியாது" என்றாய். முதன்முதலில் நீயாக மாற்றியபோது, வைப்பரைக் கழற்றிய வெறும் கம்பி படாரென்று சாய்ந்து கண்ணாடியில் கீறல் போட்டதே, அதிலிருந்து ஒரு துண்டை மடித்துக் கண்ணாடிமேல் போடாமல் நீ கம்பியைத் தொட்டதில்லை. அன்றைக்கும் போட்டாய். துண்டை மடிப்பதற்கே உனக்கு அவ்வளவு நேரம் ஆனது.

ஓட்டுகிறவர் பக்கம் நீளமானது, பக்கத்து சீட்டுக்குக் குட்டையானது. "பெருசு எனக்கு, சின்னது ஒனக்கு" என்பாய். சின்ன வயதில் பொரித்த மீனைத் தட்டில் வைக்கும்போதும் இதைத்தான் சொல்வாய். எல்லாவற்றிலும் பெரியதை நீ எடுத்துக்கொண்டாய். வீட்டுப் பாரத்தையும் அப்படித்தான். அப்பா போன பிறகு கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை, எனக்குக் கல்யாணம், அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று எல்லாம் உன் தலையில். உனக்கென்று நீ வாங்கியது ஏழு பேர் உட்காரும் இந்த வண்டி ஒன்றுதான். அதிலும் உன் வேலைக்கு ஓடியதைவிட எங்களுக்காக ஓடியதுதான் அதிகம்.

ஆயுத பூசை வந்தால் உனக்கும் அம்மாவுக்கும் சண்டை. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு இறங்கி வருவார். டயருக்கு, ஸ்டேரிங்குக்கு, முன்கதவுக்கு என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் வைப்பர் ரப்பரில் கை வைப்பார். நீ கத்துவாய்.

"வைப்பர்ல வைக்காதீங்கம்மா. மழ பேஞ்சா பாத தெரியாதுலா."

"மழையில நம்மள காப்பாத்துறதே அதுதானே. அதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்க?"

அவர் வைப்பார். நம் ஈப்போ ஊர் மழையும் அன்றைக்குப் பார்த்து வராமல் இருக்காது. கோயிலுக்குப் போகிற வழியிலேயே பிடித்துக்கொள்ளும். நீ வைப்பரைப் போட்டதும் சந்தனமும் குங்குமமும் குழைந்து கண்ணாடி முழுக்கச் சிவப்பாக இழுக்கும். வண்டியை ஓரங்கட்டி, அம்மாவின் பழைய கைலித் துணி ஒன்றை சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே மழையில் இறங்குவாய். உள்ளே நான் சிரிப்பேன். பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அம்மா, ஒன்றும் அறியாதவர்போல் சுண்ணாம்புக் குன்றுகளை வேடிக்கை பார்ப்பார். ஒரு வருசம்கூட அம்மாவின் கையைப் பிடித்து நீ தடுத்ததில்லை. துணியை மட்டும் மறக்காமல் வைத்திருந்தாய்.

தைப்பூசம் முடிந்ததும் நீ கண்ணை மூடிவிட்டாய். என் வீட்டுக்காரருக்குத் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். அதனால் அம்மாவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோவது என் வேலையானது. லைசென்ஸ் இருந்தது, தைரியம் இல்லை. உன் சீட்டில் உட்கார்ந்தேன். உன் உயரத்துக்கு வைத்திருந்ததை முன்னுக்கு இழுக்காமலே ரொம்ப நாள் எட்டி எட்டி ஓட்டினேன். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் பக்கத்து சீட்டு காலியாகவே ஓடியது.

வைப்பர் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்து மாதக்கணக்காகிறது. சிம்பாங் பூலாய்ப் பக்கம் கல்லுடைக்கிற இடத்திலிருந்து வரும் லோரிகளின் வெள்ளைத் தூசி, எந்த ரப்பரையும் தின்றுவிடும். ஓரம் பிய்ந்து தொங்கியதை நானும் பார்த்தேன். ஆனால் மாற்ற மனம் வரவில்லை. நீ கடைசியாக உன் கையால் செய்த வேலை அது. அதைக் கழற்றிக் குப்பையில் போட எனக்கு எப்படிக் கை வரும்?

போன வாரம் அதற்குக் கூலி கிடைத்தது. திரும்பி வரும்போது நல்ல மழை. பக்கத்தில் போன லோரி வெள்ளைச் சேற்றை வாரி அடித்தது. வைப்பர் அதைத் துடைக்காமல் கண்ணாடி முழுக்கப் பூசிவிட்டது. எதிரே ஒன்றுமே தெரியவில்லை. ஏதோ இருட்டாக நிற்கிறதே என்று பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றபோது, சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த இன்னொரு லோரியின் பின்பக்கம் என் மூக்குக்கு முன்னால் இருந்தது.

வீடு வந்து சேர்ந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே அம்மா சொன்னார்.

"வண்டிய வித்துருவோம். நான் டயாலிசிஸ் சென்டர் வேன்ல போயிக்கிறேன். ஒரு பிள்ளையக் குடுத்தது போதும் எனக்கு."

என் வீட்டுக்காரரும் போனில் அதையே சொன்னார். வாங்குகிற ஆளை ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருவதாகப் பேசியும் வைத்துவிட்டார். அந்த வண்டி வாசலை விட்டுப் போனால் உன்னை மறுபடியும் ஒரு தடவை தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். அதை என்னால் பார்க்க முடியாது. ஆனால் விற்காதீர்கள் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? லோரியில் மோதப் பார்த்தது நான்தானே.

இன்றைக்கு ஆயுத பூசை. நீ போய் வருசம் திரும்பாத வீடு என்பதால் நமக்குப் பூசை கிடையாது. காலையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்ப் புது வைப்பர் வாங்கி வந்தேன். அங்கேயே மாட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் எழுந்து வந்தார். வேண்டாம், வீட்டில் மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு யார் கையும் அதைக் கழற்றுவதை நான் விரும்பவில்லை.

துண்டை மடித்துக் கண்ணாடிமேல் போட்டேன். கம்பியைத் தூக்கி, கொக்கிக்குள் இருக்கும் பிடியை அழுத்தினேன். அது அசைவேனா என்றது. நகம் உடைந்தது. உன்னைத் திட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன், வண்டியையும் விடவில்லை. பிறகு நீ செய்வதுபோல் வைப்பரைக் கொஞ்சம் சாய்த்துக் கீழே தள்ளினேன், வழுக்கிக்கொண்டு வந்தது. கம்பி என் கையை விட்டுச் சாய்ந்து துண்டின்மேல் தொப்பென்று விழுந்தது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கழற்றியதைத் திருப்பிப் பார்த்தேன். ரப்பரில் ஒன்றுமில்லை. கொக்கி மாட்டுகிற இடுக்கில், மழைத் தண்ணீர் போகாத மூலையில், குங்குமம் கெட்டியாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. போன வருசத்துக் குங்குமம்.

"என்னா அது?" அம்மா கதவோரம் நின்று அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க வச்சதுதாம்மா. அக்கா சத்தம் போட்டாளே."

கையை நீட்டினார். கொடுத்தேன். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவித் தழும்பேறிய கட்டைவிரலால் அந்தச் சிவப்பைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு அதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அழத்தான் போகிறார் என்று நினைத்தேன். நீளமானதை ஓட்டுகிற பக்கமும் குட்டையானதை அந்தப் பக்கமும் நான் மாட்டி முடித்தபோது, சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"வருசம் திரும்பலயேம்மா" என்றேன்.

"தீட்டுத் தொடக்கெல்லாம் மனுசனுக்குத்தான். வண்டிக்கு என்னா தொடக்கு?"

நம் அம்மாவா இப்படிப் பேசுவது? அப்பா இறந்த வருசம் தீபாவளிக்கு ஒரு முறுக்குகூடச் சுடவிடாத அம்மா. டயருக்கு வைத்தார், ஸ்டேரிங்குக்கு வைத்தார், முன்கதவுக்கு வைத்தார். புது வைப்பரை நோக்கிக் கை போனது.

"வைப்பர்ல வைக்காதீங்கம்மா." என் வாயிலிருந்துதான் வந்தது. உன் குரல் மாதிரியே இருந்தது. அம்மாவின் விரல் ஒரு நொடி நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. பிறகு வழக்கம்போல் நான் சொன்னதைக் கேட்காமல் வைத்தார்.

மத்தியானம் டயாலிசிஸுக்குக் கிளம்பினோம். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னைத் தாண்டிப் போய் முன்கதவைத் திறந்து, என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். "பின்னால இருந்தா ஒன்னும் தெரிய மாட்டுது" என்றார்.

சாலைச் சந்திப்பைத் தாண்டும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டேன். கண்ணாடி முழுக்கச் சிவப்பு. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். இருந்தது, அக்கா. நீ நாலாக மடித்து வைத்த துணி, பழைய சிவப்பேறி அட்டைபோல் விறைத்துக் கிடந்தது. மழையில் இறங்கித் துடைத்தேன். அழுதுகொண்டேதான் துடைத்தேன். உள்ளேயிருந்து அம்மா கண்ணாடியைத் தட்டி, "அங்க, அங்க இன்னும் இருக்கு" என்று விரலைக் காட்டினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நீ போன பிறகு அந்த முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

நனைந்துபோய் ஏறி உட்கார்ந்து மறுபடியும் வைப்பரைப் போட்டேன். பாதை பளிச்சென்று தெரிந்தது. பெரியது என் பக்கம், சின்னது அம்மா பக்கம்.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா சொன்னார்: "மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லிரு. ஞாயித்துக்கெழம யாரையும் கூட்டிட்டு வர வேணாம்."

வீட்டுக்கு வந்ததும், அந்தத் துணியை அலசிக் கொடியில் போடச் சொன்னார். இல்லாவிட்டால் நாற்றம் அடிக்குமாம். அலசினேன். சிவப்பு போகவில்லை. காய்ந்ததும் நாலாக மடித்து உன் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவேன். அடுத்த வருசமும் அம்மா வைப்பரில் பொட்டு வைப்பார். நான் சத்தம் போடுவேன், ஆனால் கையைப் பிடிக்க மாட்டேன்.