நடுவில் உட்காருகிறவர்கள்

ஜெர்மனி,
12.11.2004

அன்புள்ள அம்மாவுக்கு எப்சியின் ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி கம்மியா? மாதனூரில் மழை உண்டா?

பயப்படாதீர்கள், ஆய்வகத்தில் சின்னத் தப்பு ஒன்று செய்துவிட்டேன். எதிர்ப்புச் சக்தி அணுக்களில் இரண்டு வகையைச் சேர்த்து எலிகளுக்கு ஊசி போடவேண்டும். அதில் ஒரு வகை, தூண்டினாலும் பெருகாமல் சும்மாவே கிடந்தது. படிக்கிற காலத்தில் உங்களோடு ஷூ கம்பெனி செக்கிங் டேபிளில் பழகிய கை அல்லவா, ரிஜக்ட் என்று கொட்டிவிட்டேன். மற்றதை மட்டும் போட்டதில் எலிகளின் குடல் வீங்கிப் புண்ணாகிவிட்டது.

ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். பேராசிரியர் திட்டவில்லை. "நீ கொட்டியதுதான் மற்றவற்றை அடக்கி வைப்பது" என்றார். புது எலிகளுக்கு இரண்டையும் சேர்த்துப் போட்டோம். அவை நன்றாக இருக்கின்றன.

எனக்குக் கம்பெனி பஸ் ஞாபகம் வந்தது. சண்டைக்காரிகளான சௌம்யா அக்காவுக்கும் தனகோடி அக்காவுக்கும் நடுவில் வாய் திறக்காமல் உட்கார்ந்து வருவீர்கள். "அங்க சும்மா குந்தினு இன்னாம்மா பண்ற? என் பக்கத்துல வாயேன்" என்று கத்துவேன். நீங்கள் லீவு போட்ட அன்றுதான் டிபன் பாக்ஸ் பறந்தது. நம் வீடும் நீங்கள் அப்படி நடுவில் இருந்ததால்தான் அமைதியாக இருந்தது, அம்மா. இவ்வளவு நாள் கழித்து நன்றி சொல்கிறேன்.

சபைக் காலண்டர் ஒன்று அனுப்புங்கள். என் அறைச் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். நான் ஊருக்கு வரும் அன்று மட்டும் அந்த அக்காக்கள் இருவரும் அடித்துக்கொள்ளட்டும், என் பக்கத்தில் உட்காருங்கள்.

உங்கள்
எப்சி